சுவரும் சுவரொட்டியும்: பாரிஸ் நகரமைப்பும் தெருக்கலையும் – ஒரு வரலாற்று நோக்கு

பாரிஸ் மாநகரின் பழைய சுவர்கள் பலவற்றில் ஒரு வாசகம் பெரிய எழுத்துக்களில் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். 'சுவரொட்டி ஒட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளது – 1881 யூலை 29ஆந் திகதிச் சட்டம்' என்பதே அது. இவ்வாசகத்தைப் படிப்போர் அச்சட்டத்தை ஓர் அடக்குமுறைச் சட்டமென்றே கருதுவர். உண்மையில் அது பிரான்சின் மூன்றாவது குடியரசு இயற்றிய அச்சுச் சுதந்திரச் சட்டமாகும். பத்திரிகை வெளியிட முன் அனுமதி பெறவேண்டும், பிணைப்பணம் கட்டவேண்டும் என்ற பழைய விதிகளை ஒழித்தது அது. தேர்தற் சுவரொட்டிகளை வழிபாட்டிடங்கள் தவிர்ந்த பொதுக் கட்டடங்களில் ஒட்டவும் இடமளித்தது. சுதந்திரத்தை வழங்கிய சட்டம், சுவரிலே ஏறியபொழுது சொத்துடைமையாளரின் தடையுத்தரவாக மாறிவிட்ட இம்முரண்பாட்டையே நாம் இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றோம்.

தெருக்கலை பற்றிய ஆய்வுகளை நோக்கும்போது இருவகைக் குறைபாடு புலப்படுகின்றது. கலை வரலாற்றாசிரியர் சுவரொட்டியைச் சுவரினின்றும் உரித்தெடுத்து, அருங்காட்சியகச் சட்டத்துள் வைத்து, கோடும் வர்ணமும் பற்றிப் பேசுவர். நகர வரலாற்றாசிரியரோ வீதியின் அகலம், சாக்கடையின் நீளம், வாடகையின் உயர்வு என்பவற்றைக் கணக்கிட்டு, அவ்வீதியின் இருமருங்கும் மக்கள் எதனை எழுதினர், எதனை ஒட்டினர் என்பதைக் கவனியாது விடுவர். இவ்விரு துறையினருக்கும் இடையே சுவர் என்பதே மறைந்துபோகின்றது. ஒரு சுவர் எவ்விடத்தில் எழும்பியது, அது எதனாற் கட்டப்பட்டது, அதனை வெண்மையாக வைத்திருக்கும் கடமை யாருக்கு விதிக்கப்பட்டது, அதில் எழுதும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்பன நகரமைப்பினாலே தீர்மானிக்கப்படுகின்றன. மறுபுறம், அச்சுவரில் எழுந்த எழுத்தும் ஓவியமும் நகர ஆட்சியாளரைப் புதிய சட்டங்களுக்கும் புதிய ஏற்பாடுகளுக்கும் தள்ளியிருக்கின்றன. இவ்விருவழித் தாக்கத்தைப் பாரிஸ் நகரில் வைத்து நோக்குதல் பொருத்தமுடையது. அங்கு அது இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ச்சியாகக் காணப்படுகின்றது.

1784ஆம் ஆண்டு தொடக்கம் பாரிஸைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது. பகைவரைத் தடுப்பதற்கன்று, நகருக்குட் கொண்டுவரப்படும் மதுவுக்கும் உணவுக்கும் விறகுக்கும் சுங்கம் அறவிடுவதற்கே அது கட்டப்பட்டது. அதன் வாயிற் சாவடிகளை லெடு என்னும் கட்டடக் கலைஞர் கிரேக்கக் கோயில்களைப் போன்று வடிவமைத்தார். 1789 யூலையில், பஸ்தீய் சிறை வீழ்வதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னரே, பாரிஸ் மக்கள் அச்சாவடிகள் பலவற்றுக்குத் தீ வைத்தனர். மதில் 1860ஆம் ஆண்டுவரை நின்றது. அவ்வாண்டில் அது இடிக்கப்பட்டு, புறத்தேயிருந்த கிராமங்கள் நகருடன் இணைக்கப்பட்டு, நகரப் பிரிவுகள் பன்னிரண்டிலிருந்து இருபதாக உயர்ந்தன. மதில் நின்ற தடத்திலே அகன்ற வீதிகள் அமைந்தன. பின்னர் மெத்ரோ இரயிற் பாதையின் இரண்டாம், ஆறாம் தடங்கள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. இன்று நம்மவர் கடைத்தெரு அமைந்திருக்கும் லா சப்பல் மெத்ரோ நிலையமும் அச்சுங்க மதிலின் தடத்திலேதான் நிற்கின்றது என்பதை இவ்விடத்திற் குறிப்பிடலாம். இம்மதிலின் தடம் நமது கட்டுரையில் மீண்டும் வரும்.

புரட்சிக் காலத்துப் பிறிதொரு ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. 1791 யூலையிற் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று, அரசாங்க அறிவித்தல்கள் மாத்திரமே வெள்ளைத் தாளில் அச்சிடப்படலாம் என விதித்தது. ஏனையோர் வர்ணத் தாளையே பயன்படுத்தவேண்டும். 1881ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. வெள்ளை அரசின் நிறமாயிற்று. வர்ணம் குடிமக்களின் நிறமாயிற்று. எழுத்தறியாதவன்கூடத் தெருவின் மறுகரையில் நின்று, பேசுவது அரசா மக்களா என்று கண்டுகொள்ளலாம். பிற்காலத்திலே பிரெஞ்சுச் சுவரொட்டி அடைந்த வர்ணப் பொலிவைக் கலைஞரின் மேதைமைக்கு மாத்திரம் உரியதாக்குவோர் இந்நிருவாக விதியையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, ஓஸ்மானின் நகரமைப்புக்கு வருவோம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் 1870 தொடக்கம்வரை, சேன் மாவட்டத்தின் தலைமை நிருவாகியாக – நம் நாட்டுப் பதவிப் பெயராற் சுட்டின், அரசாங்க அதிபராக – ஓஸ்மான் கடமையாற்றினார். நகரின் நடுவேயிருந்த நெருக்கமான தெருக்கள் உடைக்கப்பட்டன. செபஸ்தபோல் பெருவீதி 1858இல் திறந்துவைக்கப்பட்டது. சித்தே தீவிலிருந்த ஏழைகளின் குடியிருப்புக்கள் ஏறக்குறைய முழுவதும் துடைத்தெறியப்பட்டன. தாம் அகற்றியது கலகங்களின் பேட்டையையே என்று ஓஸ்மான் தமது நினைவுக் குறிப்புக்களில் ஒளிவுமறைவின்றி எழுதினார். 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், இம்முறைக்கு ஓஸ்மானின் பெயரையே இட்டு, அது அழுக்குச் சந்துகளை ஓரிடத்தில் ஒழித்து இன்னோரிடத்தில் தோற்றுவிப்பதன்றி வேறில்லை என எடுத்துக்காட்டினார். வால்டர் பெஞ்ஜமின் 1935இல், தடையரண்களை என்றென்றைக்கும் இயலாதனவாக்குதலே இவ்வேலைகளின் உண்மை நோக்கம் என்றார். படை நகர்வுக்கான நோக்கம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கும் என நாம் கருதவில்லை. காணி விலையேற்றத்திலே பணம் பண்ணியவர்களும் வங்கி முதலாளிகளும் இன்றி இவ்வேலைகள் நடந்திரா. சாக்கடையும் குடிநீரும் மக்களுக்கு நன்மை பயத்தன என்பதும் மறுக்கற்பாலதன்று.

ஆயின் நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது, பெரும்பாலோர் கடந்துசெல்லும் ஒரு சிறு விதியாகும். 1852 மார்ச் 26ஆந் திகதி ஆணை, பாரிஸ் வீதிகளை நோக்கிய கட்டட முகப்புக்கள் எப்போதும் துப்புரவாக இருத்தல் வேண்டும் எனவும், பத்தாண்டுக்கு ஒரு தடவையேனும் அவை சுரண்டப்பட்டோ வர்ணமோ சுண்ணமோ பூசப்பட்டோ புதுக்கப்படல் வேண்டும் எனவும் வீட்டுடைமையாளருக்கு விதித்தது. கட்டட வரிசைக்கும் காணி சுவீகரிப்புக்கும் விதி வகுத்த அதே ஆணைதான் சுவரின் தூய்மைக்கும் விதி வகுத்தது. அதுவரை சுவர் என்பது மழையும் புகையும் சிறுவரின் கீறலும் பழைய சுவரொட்டிகளின் எச்சமும் படிந்த ஒரு தலத்தின் நினைவேடாக இருந்தது. இப்பொழுது அது பத்தாண்டுக்கு ஒருமுறை அழிக்கப்படவேண்டிய பலகையாயிற்று. சுவரிலே எழுதுதல் 'அழுக்கு' என்ற கருத்து சட்டவடிவம் பெற்றமை இவ்வாறே. சுகாதாரமும் ஒழுங்கும் சொத்துரிமையும் ஒரே விதிக்குள் ஒன்றுகலந்தன.

மத்திய நகரினின்றும் வெளியேற்றப்பட்ட தொழிலாளர் கிழக்கே பெல்வீல், மெனில்மொந்தான் மேடுகளிலும், வடக்கே மொண்மார்த்ர், லா சப்பல் பகுதிகளிலும் குடியேறினர். 1871இல் தலைநகரைக் கைக்கொண்டவர்கள் இவர்களே. அவ்வாண்டு சனவரியில், பிரசிய முற்றுகையின்போது, இருபது நகரப் பிரிவுகளின் பிரதிநிதிகள் பெயரில் ஒரு செந்நிறச் சுவரொட்டி இரவோடிரவாக ஒட்டப்பட்டது. அரசாங்கத்தின் கையாலாகாத்தனத்தைச் சாடிக் கொம்யூனைக் கோரிய அச்சுவரொட்டி வர்ணத் தாளில், அதாவது குடிமக்களின் தாளில், வந்தது. மார்ச் 18இன் பின்னர் நிலைமை மாறியது. அரசாங்க அச்சகம் கொம்யூனின் கைக்கு வந்தது. கொம்யூனின் கட்டளைகள் வெள்ளைத் தாளில் அச்சிடப்பட்டன. இரு மாதங்களில் ஏறத்தாழ 400 அரச சுவரொட்டிகளை அது வெளியிட்டது. வாடகை நிலுவைத் தள்ளுபடி, வெதுப்பகத் தொழிலாளரின் இரவுவேலை ஒழிப்பு முதலியவற்றை மக்கள் சுவரிலேயே படித்தறிந்தனர். ஓஸ்மான் வெளிச்சுவர்களைப் பிரபுக்களின் உலாவுக்காகத் துடைத்துவைத்தார். அவற்றின்மேற் பாட்டாளி வர்க்கம் தனது சட்டங்களை ஒட்டியது. வெள்ளை நிறத்தைக் கைப்பற்றியதில் அரசதிகாரத்தைக் கைப்பற்றியதன் பொருள் முழுவதும் அடங்கியிருந்தது என்று கூறின் அது மிகையாகாது. மே மாத இறுதி வாரத்திற் கொம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. இறுதிச் சண்டைகள் வெளியேற்றப்பட்டோரின் பெல்வீலிலும் அதனை அடுத்த பேர் லாஷேஸ் மயானத்திலும் நிகழ்ந்தன.

வர்த்தகச் சுவரொட்டியின் எழுச்சி பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் நாம் அதனைச் சுருக்கமாகவே தொடுகின்றோம். பேர்லினில் லித்பாஸ் என்னும் அச்சகத்தார் 1855இல் நிறுவிய விளம்பரத் தூண்களைப் பின்பற்றி, 1868இல் மொறிஸ் என்னும் பாரிஸ் அச்சகத்தார் நாடக விளம்பரத் தூண்களை நிறுவும் உரிமையைப் பெற்றார். சுவரிலிருந்து சுவரொட்டியைப் பிரித்து, நடைபாதையிலே அதற்கெனத் தனி இருப்பிடம் அமைத்து, ஒரு வர்த்தகருக்குக் குத்தகைக்கு விடுதலே இதன் சாரம். பணங்கொடுப்பார் தூணை அடைந்தனர். ஏனையோருக்குத் தடை வாசகம் எஞ்சியது. ஷெரே கல்லச்சிற் பெருவர்ணச் சுவரொட்டிகளை ஆக்கினார். 1890இல் அரச விருதும் பெற்றார். துலூஸ் லோத்ரெக் 1891இல் மூலான் றூஜ் ஆடலரங்குக்காக வரைந்த சுவரொட்டி உலகறிந்தது. அவ்வரங்கு கிளிஷி வீதியில், பழைய சுங்க மதிலின் புறப்பக்கத்தே அமைந்தது தற்செயலன்று. மதிலுக்கு வெளியே மதுவுக்குச் சுங்கமில்லை. ஆகவே குடியும் கூத்தும் அங்கே தழைத்தன. மதில் நீங்கிய பின்னரும் களியாட்டத்தின் புவியியல் நீங்கவில்லை. லோத்ரெக்கின் கலைக்கு ஒரு வரி விதிப்பாளர் மதில் நிலமமைத்தது என்று கூறினால் கலைவாணர் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். அக்காலத்தவருள் ஸ்தைன்லன் மாத்திரம் 1896இல் 'தெரு' என்னும் தம் மாபெருஞ் சுவரொட்டியிலே சலவைக்காரி, தொழிலாளர், வேலைக்காரப் பெண், சீமாட்டி ஆகியோரை ஏறக்குறைய ஆளளவிலே நடமாடவிட்டார். தெருவிலே நடப்போர் தம்மையே சுவரிற் கண்டனர்.

ஹங்கேரியிலிருந்து வந்து பாரிஸைத் தன் ஊராக்கிக்கொண்ட பிரஸ்ஸாய், 1930களில் தொழிலாளர் பேட்டைச் சுவர்களிலே ஆணியாலும் கத்தியாலும் குடையப்பட்ட முகங்களையும் இதயங்களையும் புகைப்படமெடுத்தார். கீறுவதற்கு மென்சுண்ணச் சுவர் வேண்டும். அதனைப் பத்தாண்டுக்கொருமுறை புதுக்காத உடைமையாளரும் வேண்டும். ஓஸ்மானின் கை சென்றடையாத தெருக்களே இக்கலையின் ஏடுகளாயின. ஆணை மீறப்பட்ட இடத்திலேதான் நினைவு தங்கியது.

1957இல் வில்யக்லே, ஹென்ஸ் என்னும் இரு கலைஞர் தெருவிலே கிழிந்து தொங்கிய சுவரொட்டி அடுக்குக்களைப் பெயர்த்தெடுத்து ஒரு காட்சி நடத்தினர். காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர் ' 1881 யூலை 29ஆந் திகதிச் சட்டம்'. வில்யக்லே தம் ஆக்கங்களுக்குத் தெருவின் பெயரையும் திகதியையுமே தலைப்பாக இட்டுவந்தார். ஆக்கியோன் பெயரறியாத வழிப்போக்கனே என்பது அவர் கருத்து. அல்ஜீரியப் போர் உச்சமடைந்திருந்த 1961இல் ஹென்ஸ் அப்போர்க்காலச் சுவரொட்டிகளின் கிழிசல்களைக் 'கிழிந்த பிரான்சு' என்ற தலைப்பிற் காட்சிக்கு வைத்தார்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி, ஊரடங்குக் கட்டளையை எதிர்த்துப் பாரிஸில் அமைதியாக ஊர்வலம் சென்ற அல்ஜீரியரைப் பொலிசார் கொடூரமாகத் தாக்கினர். பலர் கொல்லப்பட்டனர், சேன் நதியில் வீசப்பட்டோரும் உளர். சில நாட்களின் பின், நதிக்கரையில், பிரெஞ்சு அறிஞர் மன்றத்தின் எதிரேயுள்ள கற்சுவரில், 'இங்கே அல்ஜீரியர் மூழ்கடிக்கப்படுகின்றனர்' என்ற வாசகம் தீட்டப்பட்டது. அது விரைவில் அழிக்கப்பட்டது. ஆயினும் ஒருவர் எடுத்த புகைப்படம் தப்பியது. பல ஆண்டுகள் சென்ற பின்னரே அது அச்சேறியது. பத்திரிகைகள் பறிமுதல் செய்யப்பட்ட ஒரு காலத்தில், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறிய இடம் ஒரு கரைச்சுவரே. இவ்வெழுத்துக்களிற் கலைநயம் எதுவும் இல்லை. தெருக்கலையின் வரலாற்றை எழுதுவோர் இதனை விட்டுவிடின், அவர்கள் எழுதுவது அலங்காரத்தின் வரலாறாகவே முடியும். நாற்பது ஆண்டுகளின் பின், 2001 ஒக்ரோபர் 17இல், அருகிலுள்ள சென் மிஷெல் பாலத்தடியில் மாநகரசபை ஒரு நினைவுக்கல் பதித்தது. சுவர் சொன்னதை நகரம் ஏற்றுக்கொள்வதற்கு அத்தனை காலம் சென்றது.

1968 மே மாத எழுச்சியைப் பற்றியும் நாம் நகரமைப்பின் கண்கொண்டே பேச விரும்புகின்றோம். எழுச்சி தொடங்கிய நாந்தேர் பல்கலைக்கழகம் 1964இல், அல்ஜீரியத் தொழிலாளர் வாழ்ந்த தகரக் குடிசைகளின் அயலிலே, நகருக்கு வெளியே அமைக்கப்பட்டது. மாணவர் தம் விரிவுரை மண்டபத்திலிருந்து எதனைப் பார்த்தனர் என்பதை நகரமைப்பாளரே நிருணயித்திருந்தனர். மே 14இல் நுண்கலைக் கல்லூரி ஆக்கிரமிக்கப்பட்டு 'மக்கள் பட்டறை' என்ற பெயரைப் பெற்றது. தொடக்கத்திற் கல்லச்சிலே வேலை நடந்தது. அது மிக மெதுவானதென்று கண்டு பட்டுத்திரை அச்சுக்கு மாறினர். பத்திரிகை அச்சகத் தொழிலாளர் கொடுத்துதவிய தாட்சுருள்களின் எச்சங்கள் பயன்பட்டன. ஒவ்வொரு வடிவமும் பொதுக்கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்பால் ஏற்கப்பட்டது, எதிலும் கையொப்பமில்லை. யூன் 27இற் பொலிசார் பட்டறையைக் காலிசெய்யும்வரை நூற்றுக்கணக்கான வடிவங்கள் வெளிவந்தன. ஓஸ்மான் தடையரண்களை ஒழித்ததாக நம்பியிருந்த நகரிலே, மே 10ஆந் திகதி இரவு கே லுசாக் தெருவின் பாவுகற்கள் பெயர்க்கப்பட்டுத் தடையரண்கள் எழுந்தன. அதன்பின் இலத்தீன் குடியிருப்பின் தெருக்கள் பலவற்றிற் கற்களின்மேல் தார் ஊற்றப்பட்டது. மாணவரின் கருத்துக்களுக்கு அரசு கொடுத்த மிகத் தெளிவான மறுமொழி அத்தார்தான் என நாம் கருதுகின்றோம்.

கொம்யூன் நூற்றாண்டாகிய 1971இல், ஏர்னஸ்ற் பின்யோன் ஏர்னஸ்ற் கொல்லப்பட்டோரின் உடல்களை ஆளளவிலே அச்சிட்டு சக்ரே கேர் ஆலயத்தின் படிக்கட்டுக்களில் ஒட்டினார். அவ்வாலயம், கொம்யூனின் பீரங்கிகள் நின்ற மொண்மார்த்ர் குன்றில், 1873இல் நாடாளுமன்றம் 'பொதுப்பயன்' எனப் பிரகடனஞ்செய்து காணி பெற்றுக்கொடுக்க எழுப்பப்பட்டதாகும். அதனைக் காணச் செல்வோர் பிணங்களை மிதித்தே ஏறவேண்டியதாயிற்று. 1962இல் ஒன்பது பேர் உயிரிழந்த ஷரோன் மெத்ரோ நிலையப் படிகளிலும் அவர் அவ்வாறே ஒட்டினார். நகரத்தின் கற்களிலே புதைந்துகிடந்த வரலாற்றை வெளிக்கொணர ஒரு தாள் போதுமாயிருந்தது. அக்காலத்திலேயே லெ ஆல் என்னும் மத்திய சந்தை 1969இல் நகர்ப்புறமாகிய றூன்ஜிசுக்கு அகற்றப்பட்டு, அதன் இரும்பு மண்டபங்கள் 1971 முதல் இடிக்கப்பட்டன. அக்குழியின் சுவர்களிற் சுலொற்றிகாமியன் ஹிரோஷிமாவின் நிழல்களை நினைவூட்டும் உருவங்களைத் தீட்டினார்.

இடிப்பு புதியதொரு தலத்தையும் உண்டாக்குகின்றது. ஒரு வீடு உடைக்கப்பட்டதும் அயல் வீட்டின் சாளரமற்ற பக்கச்சுவர் வெளித்தெரிகின்றது. எவருக்கும் முகங்காட்டக் கட்டப்படாத அச்சுவரே ஓவியருக்குக் கிடைத்த மிகப்பெரிய பலகை. பெல்வீலில் பிரெயல் சதுக்கத்திலே, சொற்களை நம்பவேண்டாமென எச்சரிக்கும் பென் என்பாரின் கரும்பலகை 1993 முதல் அத்தகையதொரு சுவரில் நிற்கின்றது. மாநகரசபையே அத்தகைய ஓவியங்களை ஊக்குவித்தது. இடித்த புண்ணை மறைக்க ஓவியம் மலிவான மருந்தென்பது அதற்குத் தெரியும். ஆயினும் இதனை எளிதாகக் கண்டித்துவிட முடியாது. அதே பெல்வீலில், சுவர்முழுதும் வர்ணம் பூசப்பட்ட தெனுவாயே தெருவின் கலைக்கூடங்கள் சில 2015இல் மூடப்பட்டன. அவ்விடத்தில் வரவிருந்தன குறைந்த வாடகை வீடுகளும் குழந்தைகள் காப்பகமும். கலைஞர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வீடற்ற தொழிலாளிக்கு வீடா, சுவருக்கு ஓவியமா என்ற கேள்வி எழுமிடத்து நாம் முன்னையதன் பக்கமே நிற்போம். ஆனால் இக்கேள்வி வறியோரின் தெருவில் மாத்திரமே எழுகின்றது என்பதையுங் கவனிக்கவேண்டும். மேற்குப் பாரிஸின் செல்வர் குடியிருப்புக்களில் எவரும் இவ்விரண்டிலொன்றைத் தெரிவுசெய்யும்படி கேட்கப்படுவதில்லை.

அரசின் இரட்டைப்போக்குக்கு ஓர் உதாரணம் கூறலாம். 1985 முதல் அச்சுத்தகட்டால் பெண்ணுருவங்களையும் சிலேடைகளையும் சுவரிற் பதித்த மிஸ்.திக் என்பார் 1990களின் பிற்பகுதியிற் சொத்துச்சேதக் குற்றத்துக்காக வழக்குக்குள்ளானார். அதன்பின் வீட்டுடைமையாளரின் அனுமதி பெற்றே அவர் தீட்டினார். 2011இற் பிரெஞ்சு அஞ்சற்றுறை அவருடைய உருவங்களை முத்திரைகளாக வெளியிட்டது.

இறுதியாகப் பதின்மூன்றாம் பிரிவை நோக்குவோம். 1960களிலும் 1970களிலும் 'இத்தாலி 13' என்னுந் திட்டத்தின்கீழ் அங்கே உயர்மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றின் அகன்ற வெறுஞ்சுவர்களை, 2009 முதல், பிரிவின் நகரபிதாவும் ஓர் ஓவியக்கூடமும் சேர்ந்து உலகெங்குமுள்ள ஓவியருக்கு வழங்கத் தொடங்கினர். 2013 ஒக்ரோபரில், இடிக்கப்படவிருந்த ஒன்பது மாடிக் கட்டடமொன்று நூறு வரையிலான கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டு ஒரு மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். மறு ஆண்டு அது இடிக்கப்பட்டது. வேன்சான் ஒறியோல் பெருவீதியின் சுவரோவியங்களைப் பார்ப்பதற்கு மிக வாய்ப்பான இடம் உயர்தூண்களின்மேற் செல்லும் ஆறாம் மெத்ரோ தடமாகும். சுங்க மதிலின் தென்தடம் அதுவே. வரி அறவிடக் கட்டிய மதிலின் வழியே இன்று இரயில் ஒரு நகரும் ஓவியக்கூடமாக ஓடுகின்றது.

அவ்வோவியங்களுட் பெயர்பெற்றது 2016இல் அமெரிக்கராகிய ஷெப்பர்ட் பெயரி தீட்டிய மரியான் உருவம். குடியரசின் மும்மொழியாகிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன அதனைச் சூழ எழுதப்பட்டன. இவ்வுருவின் பிரதியொன்று பிரெஞ்சு அரசுத்தலைவர் மக்றோனின் அலுவலகச் சுவரிலும் தொங்கியது. ஒரு காலத்தில் வெள்ளைத் தாளாற் பேசிய அரசு இப்பொழுது சுவரோவியத்தாற் பேசக் கற்றுக்கொண்டது எனலாம். 2020 டிசெம்பரில் ஓரிரவு, பெயர் கூறாத சிலர் ஏணியேறி, அம்மும்மொழியை வெண்ணிறப் பட்டைகளால் அடித்து, மரியானின் கண்களிலிருந்து இரத்தக் கண்ணீர் வடியச் செய்தனர். பொலிசாரின் வன்முறையை அவர்கள் கண்டித்தனர். தீட்டியவரே மறு ஆண்டு வந்து படத்தைப் புதுக்கினார். மும்மொழி மீண்டும் தெளிவாயிற்று. ஆயின் மரியானின் கண்ணின்கீழ், முன்னர் இல்லாத ஒரு கண்ணீர்த் துளியை அவர் தம் கையாலேயே சேர்த்துவிட்டுச் சென்றார்.